பன்னிரு பலகைச் சட்டம் (பண்டைய உரோம்)

பன்னிரு பலகைச் சட்டம் என்பது பண்டைய உரோமில் கி.மு. 451–450 ஆம் ஆண்டுகளில் தொகுக்கப்பட்டு, நகரின் நடுவே இருந்த ஃபோரம் என்னும் பொதுவெளியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட சட்டத் தொகுப்பாகும். உரோமர் எழுத்தில் வடித்த முதல் சட்டத் தொகுப்பு இதுவே. மூலப் பலகைகள் இன்று இல்லை. பிற்கால நூலாசிரியர்கள் ஆங்காங்கே எடுத்தாண்ட துண்டுகளைத் திரட்டியே அதில் என்ன இருந்தது என்பதை அறிஞர்கள் மீட்டெடுத்துள்ளனர்.

உரோமச் சட்டத்தின் தொடக்கம் என்று பாடநூல்களில் பாராட்டப்படும் இத்தொகுப்பின் பல விதிகள் கடுமையானவை, சில கொடூரமானவை. ஆயினும் எளிய குடிமக்கள் இதற்காகப் பல ஆண்டுகள் போராடினர். சட்டம் நல்லதா கெட்டதா என்பதற்கு முன்னதாக, அது என்ன சொல்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. பலகைகள் நிறுவப்பட்ட பின்னரும் அந்த அறியாமை முழுமையாக நீங்க மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

பின்னணி

மரபுக் கணக்கின்படி கி.மு. 509 இல் உரோமர் தம் கடைசி அரசனைத் துரத்திவிட்டுக் குடியரசை நிறுவினர். அரசனுக்குப் பதிலாக ஆண்டுதோறும் இரு கான்சல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். படையை நடத்துவதும் வழக்குகளை விசாரிப்பதும் அவர்கள் பொறுப்பு. அவர்களுக்கு அறிவுரை கூற மூத்தோர் அவையான செனட் இருந்தது. எனினும் உயர் பதவிகளும் குருமார் பதவிகளும் பாட்ரீசியர் எனப்பட்ட சில மேட்டுக்குடிக் குடும்பங்களின் பிடிக்குள் சென்றன. எஞ்சிய குடிமக்கள் பிளெபியர் எனப்பட்டனர். பிளெபியர் அனைவரும் ஏழைகள் என்று எண்ணுவது தவறு. சிறு உழவர், கைவினைஞர், வணிகர் ஆகியோருடன் வசதி படைத்த குடும்பங்களும் அவர்களுள் இருந்தன. வசதியுள்ளவர்கள் பதவியில் பங்கு கேட்டனர். ஏழைகள் கடனிலிருந்து விடுதலை கேட்டனர்.

அக்காலத்தில் சட்டம் என்பது வழக்காறாகவே இருந்தது. அதை நினைவில் வைத்துக் காத்தவர்கள் பொந்திஃபெக்ஸ் எனப்பட்ட குருமார். அவர்கள் அனைவரும் பாட்ரீசியர். கடன் தகராறில் சிக்கிய ஓர் உழவனின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். கடன் கொடுத்தவர் பெரும்பாலும் பாட்ரீசியர். வழக்கைக் கேட்கும் கான்சலும் பாட்ரீசியர். வழக்காறு இன்னதுதான் என்று சொல்லும் குருவும் பாட்ரீசியர். அவர் சொல்வது சரிதானா என்று சரிபார்க்க உழவனிடம் எந்த ஏடும் இல்லை.

கி.மு. 494 இல் கடன் கொடுமையால் வெகுண்ட பிளெபியர், போருக்குச் செல்ல மறுத்து, நகரை விட்டுக் கூட்டமாக வெளியேறிப் புனித மலை எனப்பட்ட குன்றில் தங்கினர். இன்றைய வேலைநிறுத்தத்தை ஒத்த இந்த வெளியேற்றம், படைவீரர் பற்றாக்குறைக்கு அஞ்சிய பாட்ரீசியரைப் பணிய வைத்தது. அதன் விளைவாகப் பிளெபியர் தமக்கென டிரிபியூன் என்னும் காவலர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றனர். டிரிபியூன் மீது கை வைப்பவனைக் கொல்லலாம் என்று பிளெபியர் ஆணையிட்டிருந்தனர். பதவியிலிருப்பவர் ஒரு குடிமகனை இழுத்துச் செல்லும்போது டிரிபியூன் குறுக்கே நின்று தடுக்க முடிந்தது. ஆனால் எதைச் சட்டமீறல் என்று சொல்லித் தடுப்பது? கி.மு. 462 இல் தெரென்டீலியுஸ் ஹர்சா என்ற டிரிபியூன், கான்சல்களின் அதிகாரத்தை வரையறுக்கும் சட்டங்களை எழுத ஒரு குழு அமைக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். இக்கோரிக்கையைப் பாட்ரீசியர் சுமார் பத்தாண்டு இழுத்தடித்தனர்.

பதின்மர் குழு

கி.மு. 451 இல் கான்சல்களும் டிரிபியூன்களும் விலக்கி வைக்கப்பட்டு, பத்துப் பேர் கொண்ட குழுவிடம் முழு ஆட்சியும் ஒப்படைக்கப்பட்டது. சட்டம் எழுதுவது அவர்களின் பணி. இதற்கு முன் தூதர் மூவர் ஏதென்சுக்குச் சென்று சோலோனின் சட்டங்களைப் படியெடுத்து வந்தனர் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். இதை இன்றைய ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. தென் இத்தாலியில் இருந்த கிரேக்க நகரங்களின் வழியாகக் கிரேக்கச் செல்வாக்கு வந்திருக்கலாம் என்பதே அவர்கள் கருத்து. தண்டனையைக் குறிக்கும் 'பொயெனா' என்ற இலத்தீன் சொல்லே கிரேக்கத்திலிருந்து வந்ததுதான்.

முதல் ஆண்டில் பத்துப் பலகைகள் எழுதி முடிக்கப்பட்டன. பணி முற்றுப்பெறவில்லை என்று கூறி இரண்டாம் ஆண்டுக்கும் ஒரு குழு தேர்ந்தெடுக்கப்பட்டது. முதல் குழுவின் முன்னணியில் இருந்த அப்பியுஸ் கிளாடியுஸ் இரண்டாவதிலும் இடம்பெற்றார். முதல் ஆண்டில் அன்றன்று தலைமை ஏற்பவருக்கு மட்டுமே கோலேந்திய காவலர் 12 பேர் முன் சென்றனர். இரண்டாம் ஆண்டில் பதின்மருக்கும் தலா 12 பேர். ஃபோரத்தில் திடீரென 120 காவலர்கள் கோல்களோடும் கோடரிகளோடும் தோன்றியதைக் கண்டு மக்கள் அஞ்சியதாக லிவி விவரிக்கிறார். அக்குழு மேலும் இரு பலகைகளைச் சேர்த்தது. பாட்ரீசியரும் பிளெபியரும் மணவுறவு கொள்ளக்கூடாது என்ற விதி அவற்றில் ஒன்று. மக்கள் கேட்டது சமநிலையை. எழுத்தில் கிடைத்தது இந்தத் தடை. டிரிபியூன் கனுலேயுஸ் கொண்டுவந்த சட்டத்தால் கி.மு. 445 இல் அது நீக்கப்பட்டது.

பதின்மர் வீழ்ந்தது பற்றி உரோமர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை வெர்ஜீனியா என்ற பெண்ணைப் பற்றியது. அவள் பிளெபியப் படைத்தலைவர் ஒருவரின் மகள். அவள் மீது ஆசை கொண்ட அப்பியுஸ், தன் ஆள் ஒருவனைக் கொண்டு அவள் தன் வீட்டு அடிமைக்குப் பிறந்தவள் என்று வழக்குத் தொடுக்கச் செய்தார். நீதிபதியாக அமர்ந்து அவனுக்குச் சார்பாகத் தீர்ப்பும் சொன்னார். ஒருவர் அடிமையா அல்லவா என்ற வழக்கு முடியும்வரை அவரைச் சுதந்திரமானவராகவே நடத்த வேண்டும் என்பது அவரே வெளியிட்ட சட்டம். அதை அவரே மீறினார். மகளைக் காக்க வேறு வழியில்லை என்று கண்ட தந்தை, அருகிலிருந்த கசாப்புக் கடையின் கத்தியை எடுத்து அவளைக் குத்திக் கொன்றார். படையும் மக்களும் கிளர்ந்தெழ, கி.மு. 449 இல் பிளெபியர் மீண்டும் நகரை விட்டு வெளியேறினர். பதின்மர் பதவி இழந்தனர். சிறைப்பட்ட அப்பியுஸ், மக்களிடம் மேல்முறையீடு செய்யும் உரிமை தனக்கு உண்டு என்று கேட்டுக் கொண்டதாகவும், விசாரணைக்கு முன்பே உயிரை மாய்த்துக் கொண்டதாகவும் லிவி கூறுகிறார்.

லிவி இதை எழுதியது நிகழ்ச்சிக்கு நானூறு ஆண்டுகளுக்கும் பின்னர். கதை எவ்வளவு உண்மை என்பது ஐயத்திற்குரியது. ஆயினும் சட்டத்தை எழுதியவனே அதை மீறும் முதல் ஆளாகவும் இருப்பான் என்ற அச்சம் உரோமர் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இக்கதையே சான்று.

பலகைகளில் இருந்தவை

பலகைகள் வெண்கலத்தால் ஆனவை என்று லிவி கூற, தந்தத்தால் ஆனவை என்று சட்ட அறிஞர் பொம்போனியுஸ் கூறுகிறார். வாசகங்கள் மிகச் சுருக்கமானவை. பெரும்பாலும் எழுவாய் கூட இல்லாதவை. 'அவன் இவனை' என்று வருமிடத்தில் யார் யாரை என்பதை வாசிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

முதல் பலகை, தண்டனையை அல்ல, வழக்குமன்றத்துக்கு ஆளை வரவழைப்பதைப் பற்றியது. வழக்குக்கு அழைக்கப்பட்டவன் செல்ல வேண்டும். மறுத்தால் சாட்சி வைத்துவிட்டு அழைத்தவனே அவனைப் பிடித்துச் செல்லலாம். நோயாளிக்கும் முதியவருக்கும் ஏறிவர வண்டியோ விலங்கோ தர வேண்டும். ஆனால் மெத்தையிட்ட வண்டி தரத் தேவையில்லை. நண்பகல் வரை ஒரு தரப்பு வராவிட்டால் வந்திருப்பவருக்கே தீர்ப்பு. கதிரவன் மறைந்தால் விசாரணை முடிந்தது. ஆளை வரவழைக்கும் பொறுப்பு முழுவதும் வழக்குத் தொடுப்பவன் தோளில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வலியவனை எளியவன் எப்படி இழுத்து வருவான் என்ற கேள்விக்குப் பலகையில் விடை இல்லை.

மூன்றாம் பலகையின் கடன் விதிகள் மிகவும் பேசப்பட்டவை. கடன் உறுதியானபின் அதைச் செலுத்த 30 நாள் தவணை உண்டு. அதன்பின் கடன்பட்டவனைப் பிடித்து வந்து விலங்கிடலாம். அவனுக்கு உணவு தர நேர்ந்தால் நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமாவது தர வேண்டும். இவ்வாறு 60 நாள் வைத்திருந்து, அதற்குள் வரும் தொடர்ச்சியான மூன்று சந்தை நாள்களில் அவனைப் பொதுவிடத்திற்குக் கொண்டுவந்து கடன் தொகையை உரக்க அறிவிக்க வேண்டும். உறவினரோ நண்பரோ மீட்க முன்வரக்கூடும் என்பதே நோக்கம். எவரும் வராவிட்டால் அவனைக் கொல்லலாம், அல்லது திபேர் ஆற்றுக்கு அப்பால் அயல்நாட்டில் விற்கலாம். கடன் கொடுத்தவர் பலர் எனில் பங்குகளாக வெட்டிக் கொள்ளலாம். கூடவோ குறையவோ வெட்டினாலும் குற்றமில்லை. உடலை வெட்டுவதா, சொத்தைப் பிரிப்பதா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆலுஸ் கெல்லியுஸ் இதை உடல் என்றே கொண்டார். ஆனால் அவ்வாறு எவரும் வெட்டப்பட்டதாகத் தாம் படித்ததும் இல்லை, கேட்டதும் இல்லை என்கிறார். இத்தனை கொடுமைக்கிடையிலும் நாள் கணக்கு, தானிய அளவு, அறிவிப்பு முறை ஆகியவை எழுத்தில் இருந்தன. முன்பு கடன் கொடுத்தவரின் விருப்பமே அளவாக இருந்திருக்கும்.

குடும்பத்தில் தந்தையின் அதிகாரம் ஏறக்குறைய எல்லையற்றது. அவர் தம் மகனை விற்கலாம். ஆனால் மூன்று முறை விற்றுவிட்டால் மகன் தந்தையின் அதிகாரத்திலிருந்து விடுபடுவான். பெண்கள் வயது வந்த பின்னும் காப்பாளர் ஒருவரின் கீழ் இருக்க வேண்டும். வெஸ்தா தெய்வத்தின் கன்னிப் பூசாரிகளுக்கு மட்டும் விலக்கு. அடிமையின் எலும்பை முறித்தால் 150 ஆஸ், சுதந்திர மனிதனின் எலும்பை முறித்தால் 300 ஆஸ் அபராதம். பலகைகள் பாட்ரீசியருக்கும் பிளெபியருக்கும் இடையிலான வழக்கைத்தான் தீர்க்க முயன்றன. அடிமையும் பெண்ணும் அந்த வழக்கில் ஒரு தரப்பாகவே இல்லை.

அண்டை வீட்டுத் தகராறுகளுக்கும் விதிகள் இருந்தன. மரத்திலிருந்து பக்கத்து நிலத்தில் விழுந்த பழத்தை மரத்துக்குரியவர் பொறுக்கிக் கொள்ளலாம். பாதை நேராகச் செல்லுமிடத்தில் 8 அடி, திரும்புமிடத்தில் 16 அடி அகலம் இருக்க வேண்டும். இரவில் திருட வந்தவனைக் கொன்றால் குற்றமில்லை. பகல் திருடனை அவன் ஆயுதம் எடுத்தால் மட்டுமே கொல்லலாம்.

பத்தாம் பலகை சாவுச் சடங்குகளைப் பற்றியது. நகருக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. பெண்கள் கன்னத்தைக் கீறிக்கொண்டு ஒப்பாரி வைக்கக் கூடாது. குழல் வாசிப்போர் பத்துப் பேருக்கு மேல் கூடாது. பிணத்தோடு பொன் வைக்கக் கூடாது. பல்லில் கட்டிய பொன் மட்டும் இருக்கலாம். செல்வக் குடும்பங்கள் இழவு வீட்டையே தம் பெருமை காட்டும் இடமாக ஆக்கியதைக் கட்டுப்படுத்துவதே இதன் நோக்கம் எனத் தோன்றுகிறது.

எழுதிய பின்னும் மறைவாக இருந்தவை

சட்டம் ஃபோரத்தில் நின்றது. ஆனால் வழக்குத் தொடுக்கும் முறை குருமாரிடமே இருந்தது. ஒவ்வொரு வகை வழக்குக்கும் இன்ன சொற்களை இன்ன வரிசையில் சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. சட்ட ஆசிரியர் காயுஸ் தரும் எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. ஒருவர் தம் திராட்சைக் கொடிகளை வெட்டியதற்காக வழக்கிட்டார். வழக்குரையில் 'கொடிகள்' என்று சொன்னார். பலகையில் இருந்ததோ 'மரங்கள்'. அந்த ஒரு சொல்லால் வழக்கு தோற்றது.

இத்துடன் பணயமும் உண்டு. இரு தரப்பினரும் ஒரு தொகையைப் பணயமாக வைக்க வேண்டும். தோற்றவரின் தொகை அரசுக்குச் சேரும். வழக்கின் மதிப்பு 1,000 ஆஸ் அல்லது அதற்கு மேல் எனில் 500 ஆஸ், குறைவு எனில் 50 ஆஸ். ஒருவரின் சுதந்திரம் பற்றிய வழக்கில் மட்டும், அவர் எவ்வளவு மதிப்புள்ளவராக இருந்தாலும் 50 ஆஸ் போதும் என்று பலகைகளே விதித்தன. அவருக்காக வாதாட முன்வருபவர் பணயத்துக்கு அஞ்சிப் பின்வாங்கக் கூடாது என்பதே காரணம் என்கிறார் காயுஸ்.

எந்த நாளில் வழக்குத் தொடுக்கலாம், எந்த நாளில் கூடாது என்பதும் குருமாருக்கே தெரியும். அவர்களிடம் கேட்டுத்தான் நாள் அறிய வேண்டும். இந்நிலையை உடைத்தவர் நேயுஸ் ஃபிளாவியுஸ். விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மகனான இவர் எழுத்தராகப் பணியாற்றியவர். கி.மு. 304 இல் ஈடைல் என்னும் நகர நிருவாகப் பதவிக்குத் தேர்வான இவர், வழக்கு வாசகங்களை வெளியிட்டதோடு, வழக்கு நாள்களைக் குறித்த நாட்காட்டியை வெண்பலகைகளில் எழுதி ஃபோரத்தில் வைத்தார். இவருக்குப் பின்னணியில் இருந்தவர் அப்பியா நெடுஞ்சாலையை அமைத்த அப்பியுஸ் கிளாடியுஸ் கேக்குஸ். பதின்மர் குழுவின் அதே அப்பியுஸ் வழிவந்தவர். ஃபிளாவியுஸ் அவரிடமிருந்து அந்நூலைத் திருடி மக்களுக்குக் கொடுத்தார் என்று பொம்போனியுஸ் எழுதுகிறார். திருட்டு என்பதைவிட இருவரும் சேர்ந்து செய்த காரியம் என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது.

மேட்டுக்குடியினர் இவரை மன்னிக்கவில்லை. நோயுற்றிருந்த சக அதிகாரியைக் காண ஃபிளாவியுஸ் சென்றபோது, அங்கிருந்த உயர்குடி இளைஞர்கள் வேண்டுமென்றே எழுந்து நிற்கவில்லையாம். அவர் தம் பதவிக்குரிய தந்த இருக்கையை அங்கேயே கொண்டுவரச் செய்து அதில் அமர்ந்தார்.

கி.மு. 300 இல் குருமார் பதவிகள் பிளெபியருக்கும் திறந்துவிடப்பட்டன. பிளெபியரிலிருந்து வந்த முதல் தலைமைக் குருவான திபேரியுஸ் கொருன்கானியுஸ், கி.மு. 3 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், விரும்பியவர் எவரும் கேட்கும்படி வெளிப்படையாகச் சட்டம் கற்பித்த முதல் மனிதராகக் கூறப்படுகிறார். உரோமில் சட்டக் கல்வி இவரிடம் தொடங்குகிறது.

இதற்கிடையே கடனுக்காக உடலைப் பிணையாக்கும் வழக்கமும் ஒழிந்தது. தந்தையின் கடனுக்குப் பிணையாளாக இருந்த இளைஞன் ஒருவன், தன்னிடம் தகாத முறையில் நடந்த கடன்காரரை மறுத்ததால் கசையடி பட்டு, குருதி வழியத் தெருவுக்கு ஓடிவந்தான். அவன் முதுகைக் கண்டு திரண்ட கூட்டம் செனட் வாசல்வரை சென்றது. கி.மு. 326 இல் நிறைவேறிய சட்டம் இனிக் கடனுக்குச் சொத்தே பொறுப்பு, உடல் அன்று என்றது. லிவி இதைப் பிளெபியரின் சுதந்திரத்துக்கு மற்றொரு தொடக்கம் என்ற அளவில் மதிக்கிறார்.

பழைய விதியும் புதிய காலமும்

பலகைகளை உரோமர் முறைப்படி நீக்கியதே இல்லை. ஆனால் காலம் மாறும்போது சில விதிகள் நகைப்புக்கு இடமாயின. சிறு தாக்குதலுக்கு 25 ஆஸ் அபராதம் என்பது தொடக்கத்தில் பெருந்தொகை. அன்று ஓர் ஆஸ் என்பது ஓர் இறாத்தல் வெண்கலம். பின்னர் அதன் மதிப்பு வெகுவாகச் சரிந்தது. லூசியுஸ் வெராசியுஸ் என்ற செல்வன் தெருவில் கண்டவரைக் கன்னத்தில் அறைவான். பின்னால் பணப்பையுடன் வரும் அவன் அடிமை அறை வாங்கியவருக்கு உடனே 25 ஆஸ் எண்ணிக் கொடுப்பான். இதனால்தான் நீதி அலுவலர்களான பிரேட்டர்கள் அந்த விதியைக் கைவிட்டு, இழப்பை மதிப்பிட நடுவர்களை அமர்த்தினர் என்று கெல்லியுஸ் எடுத்துரைக்கிறார். ஆண்டுதோறும் பிரேட்டர் வெளியிடும் அறிவிப்பின் வழியாகப் பழைய சட்டத்தைத் தொடாமலே அதைச் சுற்றிப் புதிய சட்டம் வளர்ந்தது. சொல் பிசகினால் தோற்கும் பழைய வழக்கு முறையும் படிப்படியாக மறைந்தது.

அரசியலில் பலகைகள் நெடுங்காலம் உயிரோடு இருந்தன. குடிமகனின் உயிர் பற்றிய தீர்ப்பை மாபெரும் மக்கள் மன்றமே வழங்க வேண்டும், தனி ஒருவரைக் குறிவைத்துச் சட்டம் இயற்றக் கூடாது என்பவை அவற்றின் இரு விதிகள். கி.மு. 63 இல் கான்சலாக இருந்த சிசெரோ, கத்திலினாவின் சதியில் ஈடுபட்ட ஐவரை விசாரணையின்றிச் சிறையில் கொல்லச் செய்தார். நாட்டின் பகைவரான பின் அவர்கள் குடிமக்களே அல்லர் என்பது அவர் வாதம். கி.மு. 58 இல் டிரிபியூன் குளோடியுஸ், தீர்ப்பின்றிக் குடிமகனைக் கொன்றவரை நாடுகடத்தும் சட்டத்தையும், பின்னர் சிசெரோவின் பெயரையே குறித்து மற்றொரு சட்டத்தையும் நிறைவேற்றினார். பலாத்தீன் குன்றில் இருந்த சிசெரோவின் வீடு இடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நாடு திரும்பிய சிசெரோ, தனி ஒருவர் மீது சட்டம் இயற்றுவதைப் பன்னிரு பலகைகள் தடுக்கின்றன என்று வாதிட்டார். முதல் விதியை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் இரண்டாம் விதியின் நிழலில் நின்றார். சிறுவயதில் தாமும் தம் தோழரும் இச்சட்டத்தைப் பாட்டைப்போல் மனப்பாடம் செய்ததாகவும், இப்போது எவரும் கற்பதில்லை என்றும் அவர் வேறோரிடத்தில் வருந்துகிறார்.

பிற்காலம்

கி.பி. 212 இல் பேரரசர் கரகல்லா பேரரசின் சுதந்திர மக்கள் ஏறக்குறைய அனைவருக்கும் குடியுரிமை அளித்தார். கி.பி. 529 முதல் 534 வரை கொன்ஸ்தாந்திநோபிளில் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்ட நூல்களில் பலகைகளைப் பற்றிய குறிப்புகள் பல எஞ்சியுள்ளன. அந்நூல்கள் 11 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இத்தாலியின் பொலோஞாவில் மீண்டும் கற்கப்பட்டு ஐரோப்பிய நாடுகளின் சட்டங்களுக்கு அடித்தளமாயின. ஒல்லாந்தில் உள்ளூர் வழக்காறுகளோடு கலந்த வடிவம் உரோமன்-டச்சுச் சட்டம் எனப்பட்டது. ஒல்லாந்தர் அதைத் தென்னாப்பிரிக்காவுக்கும் இலங்கைக்கும் கொண்டு சென்றனர்.

இலங்கையில் அது இன்றும் பொதுச் சட்டமாக உள்ளது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளான தேசவழமையும் ஒல்லாந்தர் காலத்தில்தான், 1707 இல், எழுத்தில் தொகுக்கப்பட்டது. கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி டச்சு மொழியில் எழுதியதைத் தமிழில் பெயர்த்து, 12 முதலியார்களிடம் கொடுத்துச் சரிபார்த்தனர். தேசவழமையில் விதி காணப்படாத இடங்களில் உரோமன்-டச்சுச் சட்டமே பொருந்துகிறது.